பஸ் நிறுத்தத்தின் பெயரில் ஒரு கோயில்: தாதர் மீட்பின் அன்னை ஆலயம்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பங்கின் (சர்ச் வட்டாரத்தின்) கட்டடக் கமிட்டி ஆட்கள் ஆறு பேர் மும்பை சயானிலிருந்து பஸ் பிடித்து தாதருக்குப் போனோம். ஏழாவதாக என் பெரியம்மாவும் வந்தார். அவர் கமிட்டியில் இல்லை. ஆனால் அவரை விட்டுவிட்டு எங்கள் பகுதியில் எந்தக் கமிட்டியும் எதையும் முடித்ததில்லை.

'போர்ச்சுகீஸ் சர்ச்' என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் இறங்கினோம். பெரியம்மா நாலு பக்கமும் பார்த்தார்.

"ஏல, கோயில் எங்கலே இருக்கு?"

"எதுத்தாப்புலதான் பெரியம்மா."

"இதுவா? ஏதோ தண்ணித்தொட்டியக் கவுத்தி வச்ச மாதிரில்லா இருக்கு."

தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். கோயில் என்றால் இரட்டைக் கோபுரம், வெள்ளைச் சுண்ணாம்பு, உச்சியில் சிலுவை, இரண்டு மைல் தள்ளி நின்றாலும் கண்ணில் பட வேண்டும். அந்தக் கணக்கில் தாதர் கோயில் தேறாது. உண்மையைச் சொன்னால், கமிட்டியில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் அன்றைக்கு அதே நினைப்புத்தான். அவர்களை வற்புறுத்தி அழைத்துப் போனது நான். மும்பையில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்டடப் பழுது வேலை பார்க்கிறேன். இடிந்ததையும் ஒழுகுவதையும் வெடித்ததையும் பார்த்தே பழகிய கண். ஒரு கட்டடம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வது அபூர்வம். இதைச் சொல்லுவேன்.

எதற்காகப் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பூசை நடக்கும் ஹாலுக்குத் தகரக் கூரை. சில வருஷத்துக்கு முன் ஒரு கான்ட்ராக்டர் வந்து, ஏசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, உயரத்தில் இருந்த ஜாலிக் காற்றுத்துளைகளை அடைத்து, கீழே பால்ஸ் சீலிங் அடித்து, ஜன்னல்களுக்கு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்டுவிட்டுப் போனார். ஏசி வாங்கப் பணம் சேரவே இல்லை. சேர்ந்திருந்தாலும் கரன்ட் பில் கட்ட முடியாது என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய இரவின் பாஸ்கா திருவிழிப்புப் பூசையில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். இப்போது ஹாலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று முடிவாகி, ஒரு வரைபடமும் வந்துவிட்டது. கூர்முனை வளைவு, இரண்டு கோபுரம், முகப்பில் மார்பிள் பூச்சு. காற்று எங்கிருந்து வரும் என்று நான் கேட்டதற்கு, எட்டு மின்விசிறி காட்டினார்கள்.

இடமும் பெயரும்

தாதரில் இந்த இடத்தில் கோயில் இருப்பது நேற்று இன்று ஆரம்பித்ததில்லை. 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசாயையும் மும்பைத் தீவுகளையும் போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்தார். பின்னாலேயே பிரான்சிஸ்கன் துறவிகள் வந்தார்கள். மாஹிமில் புனித மிக்கேல் கோயில் எழுந்தது. அதற்குத் தெற்கே, அன்றைக்குத் தென்னந்தோப்பும் வயலுமாகக் கிடந்த பகுதியில், 1596இல் மீட்பின் அன்னைக்கு ஒரு கோயில் கட்டினார்கள். போர்த்துகீசியில் 'சால்வசாவ்', ஆங்கிலத்தில் 'சால்வேஷன்'. ஊர் வாயில் இரண்டும் தங்கவில்லை. யார் கட்டினார்கள் என்பதுதான் தங்கியது.

1661இல் போர்த்துகீசிய இளவரசி கேத்தரினுக்கும் இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்லசுக்கும் கல்யாணப் பேச்சு முடிந்து, சீதனமாக மும்பை கைமாறியது. 1668இல் அரசன் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்கு விட்டான். இன்றைக்குத் தாதரில் ஒரு வருஷம் ஸ்கூட்டர் நிறுத்த அந்தப் பணம் போதாது. 1720இல் ஆங்கிலேயர் போர்த்துகீசியத் துறவிகளை வெளியேற்றி, கார்மேல் சபையாரைக் கொண்டுவந்தார்கள். ஆட்சி போய், ஆண்டவர்கள் போய், துறவிகளும் போன பிறகும் பஸ் நிறுத்தத்துக்குப் பெயர் மட்டும் அவர்களுடையது.

1896இல் பிளேக் வந்தது. நெரிசலைக் குறைக்க 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்து, தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் தெருக்கள் திட்டம் போட்டு விரிந்தன. நம் ஆட்கள் மாட்டுங்காவில் குமாஸ்தாக்களாகவும் தாராவியில் தோல் தொழிலாளிகளாகவும் குடியேறிய கதை இதன் தொடர்ச்சிதான். தோப்புக்கு நடுவில் நின்ற கோயிலைச் சுற்றி ஊர் வந்து நெருக்கிவிட்டது. இன்றைக்கு அந்தச் சந்திப்பில் நின்றால் ஒரு பக்கம் கோகலே ரோடு, இன்னொரு பக்கம் எஸ்.கே. போலே ரோடு. போலே ரோட்டைப் பிடித்து நடந்தால் சித்திவிநாயகர் கோயில். செவ்வாய்க்கிழமை அங்கே கூட்டம், புதன்கிழமை மாஹிமில் மாதாவுக்கான நவநாள் செபக் கூட்டம். மாஹிம் நவநாள் 1948 செப்டம்பரில் ஆரம்பித்தது. அதற்கு வரும் தமிழர்களில் பாதிப் பேர் இந்துக்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1974க்கும் 1977க்கும் இடையில் எழுந்தது. வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. 1930இல் செகந்திராபாத்தில் பிறந்தவர், கோவா வேர் உள்ள கத்தோலிக்கர். சபர்மதியில் காந்தி நினைவு சங்கிரகாலயத்தை முப்பது சொச்சம் வயதில் முடித்தவர். நவி மும்பை என்ற நகரத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் போடலாம் என்று 1960களில் யோசனை சொன்ன மூவரில் ஒருவர்.

முதுகும் முகமும்

இந்தக் கட்டடம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் ரோமில் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962இலிருந்து 1965 வரை நடந்தது. வழிபாடு பற்றிய அதன் சட்டம் 1963 டிசம்பரில் வந்தது. லத்தீன் போய் அவரவர் மொழி வந்தது. சாமியார் மக்கள் பக்கம் திரும்பினார். பீடம் சுவரை விட்டு விலகி முன்னால் வந்தது.

பெரியம்மா இதை ஒரு வரியில் சொல்வார்: "எனக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் சாமியார் முதுகத்தான் பாத்தோம்." லத்தீன் பூசையில் ஜனங்களுக்குச் செய்ய அதிகம் ஒன்றும் இல்லை. அவரவர் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள், மணி அடிக்கும்போது தலை தூக்குவார்கள். அதற்கு நீளமான ஒரு கூடம் போதும். எல்லோரும் ஒரே திசை பார்த்து, கடைசியில் தூரத்தில் பீடம். நடுவில் கிராதி.

மும்பைக்கு இந்த மாற்றம் வெறும் காகிதமாக வரவில்லை. 1964 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் இங்கே உலக நற்கருணை மாநாடு நடந்தது. ஆறாம் பவுல் வந்தார். இந்தியாவில் கால் வைத்த முதல் போப்பாண்டவர் அவர்தான். கர்தினால் வலேரியன் கிராசியாஸ் அப்போது மும்பைப் பேராயர். சங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் காற்று இந்த ஊருக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பத்து வருஷம் கழித்துப் புதுக் கோயில் கட்ட இறங்கினால், பழைய நீளக் கூடத்தையே மறுபடி கட்டுவதா என்ற கேள்வி வந்தே தீரும்.

கொரியா அந்தக் கேள்விக்குக் கிறிஸ்துவின் வாழ்க்கையிலிருந்து பதில் எடுத்தார். யோவானிடம் திருமுழுக்குப் பெற்றது, மக்கள் நடுவே போதித்தது, கடைசி இரவு உணவிலிருந்து மரணமும் உயிர்ப்பும் வரை என்று மூன்று கட்டம். அந்த மூன்றுக்கும் கட்டடத்தில் இடம் வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் நடந்து போக வேண்டும். ஆக ஒரே ஒரு பெரிய பெட்டி போதாமல் போனது. கூரை உள்ள இடங்களும் வானம் பார்த்த முற்றங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்ட ஒரு தொகுப்பாக அது மாறியது.

கூரை

இனி நான் பேச வந்த விஷயம்.

பெரியம்மா தண்ணித்தொட்டி என்றாரே, அது கான்கிரீட் ஷெல் கூரை. அகலமாகத் தொடங்கி மேலே போகப்போக ஒடுங்கும் கூடு. உச்சியில் முழுக்க மூடிவிடாமல் காற்று வெளியேற வாய் இருக்கும். கவிழ்த்து வைத்த புனல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சூடான காற்று லேசானது, மேலே ஏறும். ஏறுகிற காற்று ஒடுங்கிய வாய் வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, கீழே முற்றத்துப் பக்கத்திலிருந்து புதுக் காற்று வரும். மின்விசிறி இந்தச் சுழற்சிக்கு உதவியாள், அவ்வளவுதான்.

கமிட்டியில் ஒருவர் கேட்டார், ஆட்கள் கூடினால் அப்படி என்ன பெரிய சூடு வந்துவிடப்போகிறது என்று. கணக்குப் போட்டுக் காட்டினேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. 500 பேர் பூசைக்கு வந்தால் 50,000 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட் என்றால், ஐம்பது இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் போட்டு வைத்த மாதிரி. அதோடு ஒவ்வொருவர் வேர்வையும் ஆவியாகிச் சேருகிறது. மே மாத மும்பையில் வெளிக்காற்றே நனைந்த துணி மாதிரி இருக்கும். இதை ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டு, ஜன்னலையும் சாத்தினால் பெரியவர் மயங்காமல் என்ன செய்வார்?

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புகைபோக்கி மாதிரி காற்றை மேலே இழுக்கும் இந்த உத்தி, உள்ளும் வெளியும் வெப்பம் ரொம்ப வித்தியாசப்படும் ஊர்களில்தான் பிரமாதமாக வேலை செய்யும். மும்பையில் அந்த வித்தியாசம் சில டிகிரிதான். கூரையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே பாதி வேலையைச் செய்வது குறுக்கே ஓடும் காற்று. மேற்கே கடல் பக்கம், மத்தியானத்துக்கு மேல் அங்கிருந்து காற்று எழும்பும். முற்றங்கள் அந்தக் காற்றை உள்ளே வாங்கிக் கொடுக்கின்றன, கூரை அதை மேலே அனுப்புகிறது. இரண்டில் எதை எடுத்துவிட்டாலும் மற்றது படுத்துவிடும். இதைப் பிரதியெடுக்க நினைக்கிற பலரும் கூரையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள், ஏனென்றால் போட்டோவில் விழுவது அதுதான்.

கொரியா இதைத் திடீரென்று தாதரில் கண்டுபிடிக்கவில்லை. 1961இல் டெல்லி கண்காட்சிக்கு இந்துஸ்தான் லீவர் அரங்கத்தைக் கட்டியபோது, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரியான கான்கிரீட் கூரையில் சூடான காற்று போக வாய்கள் வைத்தார். அதே சமயத்தில் அகமதாபாத்தில் எளியவர்களுக்காக ஒரு குழாய் வீடு வடிவமைத்தார். ஒடுக்கமான நீள வீடு, சாய்ந்த கூரை, சூடு சரிவின் வழியே ஏறி மேல் வாயில் போய்விடும். ஏழை வீட்டில் சோதித்துப் பார்த்ததைப் பிறகு கோயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த தகவல். வழக்கமாக இது தலைகீழாகத்தான் நடக்கும்.

ஷெல் கூரை ஏன் அந்தக் காலத்தில் எடுபட்டது என்பதற்குக் கடைக் கணக்கும் ஒன்று உண்டு. 1970களில் சிமென்ட் கட்டுப்பாட்டில் இருந்தது, பர்மிட் வாங்கித்தான் எடுக்க வேண்டும். 1982இல்தான் ஓரளவு தளர்த்தினார்கள். கம்பியும் விலை. வளைந்த கூரை தன் வடிவத்தாலேயே பலம் பெறுவதால் மெல்லிசாகப் போடலாம், சிமென்டும் கம்பியும் மிச்சமாகும். ஆனால் அந்த வளைவுக்குச் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்றும் பலகை அச்சு, அடிப்பது பெரிய பாடு. ஒவ்வொரு பலகையையும் தச்சர் இழைத்துப் பொருத்த வேண்டும். அன்றைக்குப் பொருள் விலை, ஆள் மலிவு. இன்றைக்கு நல்ல சென்ட்ரிங் தச்சர் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கும் மேஸ்திரி அவரைப் பக்கத்து சைட்டுக்குக்கூட அனுப்பமாட்டார். ஷெல் கட்டடங்கள் அருகிப் போனதற்கு ரசனை மாறியதைவிட இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே இருந்து வரும் வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டின் உச்சியில் ஓவியர் எம்.எஃப். ஹுசைன் கைவண்ணத்தில் கண்ணாடி. வெளியே மே மாத வெயில் கண்ணைக் குத்தும்போது உள்ளே வருவது வடிகட்டிய வெளிச்சம். கத்தோலிக்கக் கோயிலுக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை தீட்டிய நிறம். அன்றைய மும்பையில் இது பெரிய செய்தியாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பூசையில் சாம்பிராணி போட்டபோது நான் சாமியாரைப் பார்க்கவில்லை, புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

முற்றம்

பூசை முடிந்து முற்றத்தில் நின்றோம். பெரியம்மா ஒரு சுவரோரம் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாக, "பிராகாரம் மாதிரி இருக்குலா" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்னது, கொரியா பல இடங்களில் எழுதியும் பேசியும் வந்த விஷயம். ஸ்ரீரங்கம் போன்ற தென்னாட்டுக் கோயில்களைப் பற்றி அவருக்கு ஒரு தனி ஈடுபாடு. அங்கே கும்பிடுவது கருவறைக்கு முன் நிற்கும் இரண்டு நிமிஷம் மட்டும் இல்லை. ஏழு பிராகாரம் கடந்து, வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி நடந்து போவதே வழிபாட்டின் பெரும்பகுதி. வானம் பார்த்த இடத்துக்கு இந்த நாட்டில் ஒரு புனிதம் உண்டு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

நாம் தமிழில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்கிறோம். மாதா கோயில், பங்குக் கோயில், கோயில்பிள்ளை, கோயில் மணி, கோயில் கொடியேற்றம். வார்த்தை நம்முடையது. கட்டடம் மட்டும் பெரும்பாலும் பிரெஞ்சு, இத்தாலிய சாமியார்கள் தங்கள் ஊர் நினைப்பில் போட்ட கோதிக் கூடம், குளிர் நாட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கும்பிடுவதற்காக உருவானது. கோதிக்கைப் பழிக்கவில்லை, ஆனால் தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா நாளான ஆகஸ்டு 5 அன்று ஜனம் முழுக்க எங்கே நிற்கிறது? வெளியே, தெருவில். நம் பக்தி எப்போதும் கூரைக்கு வெளியே வழிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கொடிமரம், சப்பரம், அசன விருந்து எல்லாமே முற்றத்து விஷயங்கள். முதல் பார்வையில் கோயில் மாதிரியே இல்லாத தாதர் கட்டடம், அந்த வார்த்தைக்கு நம்முடைய பல கோதிக் கோயில்களைவிடப் பக்கத்தில் நிற்கிறது.

ஒரு கோயிலின் தரைப்படம் வெறும் கோடு இல்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயில், 1870களில் கட்டியது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடங்கள் இரண்டு, நடுவில் சுவர். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றவர்கள். இரண்டு பக்கத்தாருக்கும் பீடம் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கட்டடக் கலையாகப் பார்த்தால் படு சாமர்த்தியமான தரைப்படம்! 1910இல் அந்தச் சுவரை இடித்தார்கள், அது கோர்ட் வரைக்கும் போனது. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சாமியார் பிரசங்கத்தில் சொல்வதற்கு முன்னாலேயே கொத்தனார் சொல்லிவிடுகிறார். எங்கள் ஹாலிலும் முன்வரிசை யாருக்கு என்ற சண்டை வருஷா வருஷம் திருவிழாவில் வரும். தாதரில் நான் பார்த்தவரை, பல பக்கம் வாயில், பல பக்கம் முற்றம் என்று இருப்பதால் முன், பின் என்ற பேச்சே கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. பிந்தி வந்தவர் கடைசி ஆளாகக் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை, முற்றத்து ஓரமாக நின்றுகொள்ளலாம்.

மழைக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மும்பையில் வருஷத்துக்குச் சராசரியாக 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். தூத்துக்குடியில் பெய்வது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே முற்றம் என்பது நாலு மாதம் வாய்க்கால். வடிகால் சரிவு, தாழ்வாரத்தின் ஆழம், சாரல் அடிக்கும் தென்மேற்குத் திசை, இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல் முற்றம் வைத்தால் கொசுவும் பாசியும்தான் மிஞ்சும். எட்டு மாதச் சுகத்துக்கு நாலு மாதக் கவனம் என்று நான் கமிட்டியிடம் சொன்னேன். பொருளாளர் முகம் சுருங்கியது.

ஒலி பற்றி இரண்டு வார்த்தை

பெரிய கல் கோயில்களில் சத்தம் பல விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். லத்தீன் பாட்டுக்கு அது தேன். தமிழ்ப் பிரசங்கத்துக்கு விஷம், ஒரு வார்த்தை முடிவதற்குள் முந்தைய வார்த்தை வந்து அதன் மேல் விழும். பேச்சு புரிய வேண்டுமென்றால் எதிரொலி ஒன்று, ஒன்றரை விநாடிக்குள் அடங்க வேண்டும். ஆக, மொழி மாறிய நாளிலிருந்தே கட்டடத்தின் காதும் மாற வேண்டியதாகிவிட்டது. வாலஸ் சபைன் என்ற அமெரிக்கர் ஒலி உறிஞ்சுதலை அளக்கத் திறந்த ஜன்னலைத்தான் அளவுகோலாக வைத்தார். திறந்த ஜன்னலில் போன சத்தம் திரும்பி வராது. முற்றத்தைப் பார்த்துத் திறந்த கோயிலில் காற்றுக்கு வைத்த வழியே ஒலிக்கும் மருந்து. எங்கள் ஹாலில் கண்ணாடி ஜன்னல் சாத்தியபிறகு பாடகர் குழுவில் யார் சுருதி விலகுகிறார்கள் என்பதே தெரியாமல் போய்விட்டது, அது ஒருவகையில் நல்லதுதான்.

எனக்கு ஒப்பாதவை

முதல் தடவை வருகிறவருக்கு எது முன்வாசல் என்று சட்டென்று பிடிபடவில்லை. பெரியம்மா கேட்ட 'கோயில் எங்கலே' என்ற கேள்வியைச் சும்மா சிரித்துத் தள்ள முடியாது. ஊருக்குப் புதிதாக வந்து, மொழி தெரியாமல், ஒரு கோபுரத்தைப் பார்த்து 'அப்பாடா, நம்ம கோயில்' என்று மூச்சு விட்ட தலைமுறை எங்களுடையது. அந்தக் கோபுரம் அவர்களுக்கு அலங்காரம் இல்லை, முகவரி. நவீனக் கட்டடக்காரர்கள் பலர் இதை உணர்ச்சிவசம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தப்பு.

இரண்டாவது, பொதுவாகவே கடலோரத்துக் கான்கிரீட். உப்புக்காற்றும் ஈரமும் மெல்ல உள்ளே போய்க் கம்பியைத் தொடும். துரு பிடித்த கம்பி பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கும். மெல்லிய கூரையில் கம்பியை மூடும் கனமும் குறைவு. தட்டையான தளமாக இருந்தால் ஒரு பையன் ஏறிப் பார்த்துவிடுவான், வளைந்த ஷெல்லைப் பார்க்கச் சாரம் கட்ட வேண்டும். என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது என்பதால் இதைப் பாரபட்சமில்லாமல் சொல்வதாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்: இப்படி ஒரு கூரையைக் கட்டும் எந்தப் பங்கும், பராமரிப்புக்கென்று முதல் நாளிலிருந்தே ஒரு உண்டியல் வைக்க வேண்டும்.

எங்கள் வரைபடம்

திரும்பி வரும்போது தாதர் ஸ்டேஷன் பக்கம் வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போட்டோம். ஷெல் கூரை எங்கள் கைக்கு எட்டாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. கோபுரம் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை, பெரியம்மா உட்பட. "காத்தும் வேணும், கோபுரமும் வேணும். ஒன்ன யாரு ஒண்ணுதான் எடுக்கச் சொன்னா?" என்றார்.

நாலு கூட்டம் நடந்தது. கடைசியில் இரண்டு கோபுரம் ஒன்றானது. மிச்சமான பணத்தில் கூரையை ஆறடி உயர்த்தி, உச்சி நெடுகிலும் இரண்டடி இடைவெளி விட்டு, அதற்கு மேல் ஒரு சிறு கூரை தனியாக. மேற்குச் சுவரில் ஜன்னலுக்குப் பதில் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மரக் கதவுகள், திறந்தால் பக்கத்து வெற்றிடம். அந்த வெற்றிடத்தைச் சிமென்ட் போட்டுப் பார்க்கிங் ஆக்கும் யோசனை இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. பால்ஸ் சீலிங் என்ற வார்த்தையை உச்சரிக்கத் தடை.

பிப்ரவரியில் கூரை ஏறியது. ஏறிய மூன்றாம் நாளே உச்சி இடைவெளி வழியாகப் புறாக்கள் வந்துவிட்டன. புறாக்களுக்குத் தீனி போட்டுவந்த தாதர் கபூத்தர்கானாவைத் தாண்டி இரண்டு தடவை போய் வந்திருந்தும் அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது வலை அடிக்கிறோம். வலைக் கண் சின்னதாக இருந்தால் தூசி படிந்து காற்றை அடைக்கும், பெரிதாக இருந்தால் புறா நுழையும். அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று மேஸ்திரியும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரியம்மா முக்கால் என்கிறார்.